கிளாரினெட்டுக்கு எண்ணெய் போட்டவள்

ஆபீஸ் வேலையாக ஒரு மாதம் பெங்களூருக்குப் போன என் கணவர், தன் மரக் கிளாரினெட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எண்ணெய் போடாவிட்டால் மரம் வெடித்துவிடுமாம். சமையல், பேங்க் வேலை, திருவனந்தபுரத்து மழையில் காயாத துணி என்று நான் அல்லாடுவது போதாதென்று, போனில் தினமும் பாடம் வேறு.

“ரெண்டு சொட்டுதான், கேட்டியா? சமையல் எண்ணெயை விட்டுடாதே. துணியால உள்ளே மட்டும் துடை.”

ஒருநாள் எரிச்சல் தாங்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று, எண்ணெய்த் துணியைத் தூர வைத்தேன். கழற்றியதை எல்லாம் மாட்டி, வாயில் வைத்து மூச்சைப் பிடித்து ஊதினேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று, நீளமாக ஒரு ஸ்வரம். என் மூச்சுக்கு இப்படியொரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

எதிர்வீட்டு மாமி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “என்ன, ஆத்துக்காரர் வந்தாச்சா?”

பத்து வருஷமாக ஊதுகிறார் அவர்!

ஊரிலிருந்து வந்த கையோடு பெட்டியைத் திறந்து, “எண்ணெய் சரியாப் போட்டியா?” என்று ஆரம்பித்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இனிமே நீங்க போடுங்கோ. நான் வாசிக்கப் போறேன்.”