ஒரே தாய்

இருசம்மாள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னாள். அதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அவள் மலாய் நாட்டில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். குடியுரிமை இல்லாதவள், கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது ஐசி; குடிமக்களுக்கு நீலம். பிரசவத்துக்குக் கிளம்பியபோது கிராணி, "செவப்பு ஐசியோட போனா பிள்ளைக்கும் செவப்புதான். நாத்தனாரோட நீல ஐசிய கொண்டு போ," என்றார். உண்மையில் சிவப்புக் கார்டுக்காரி இந்த மண்ணில் பெற்ற பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு. அது சட்டத்தில் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாருக்கும் தெரியாது. கணவன் நல்லமுத்துவின் தங்கை அன்னம்மா மறுபேச்சின்றித் தன் கார்டைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் படத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. தோட்டக்காட்டுப் பெண்களுக்குத் தனித்தனி முகம் எதற்கு?

திலகவதி பிறந்தாள். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் நல்லமுத்து, தாய் அன்னம்மா. அண்ணனும் தங்கையும் பெற்றோராக இருந்த அந்தத் தாள் இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்த அதிகாரியின் கண்ணையும் உறுத்தவில்லை.

திலகவதி வளர்ந்து பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தாள். முறை மாப்பிள்ளை, அன்னம்மாவின் மகன் விமலன், சுங்கை ஊடாங்கில் வெல்டர். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார் சோதிடர். சனி நிற்கும் இடத்தையெல்லாம் பார்த்தவர்கள் பிறப்புப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு கல்யாணம் முடிந்ததென்று இருந்துவிட்டார்கள். பதிவில்லாவிட்டால் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் போட மாட்டார்கள் என்று திலகவதிக்கு வயிற்றில் ஏழு மாதம் ஆனபிறகுதான் தெரிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு அம்மாக்களுமாக நால்வரும் டவுனுக்கு ஓடினார்கள்.

பதிவு அலுவலகத்துக்கு அப்போதுதான் கணினி வந்திருந்தது. முன்பு கார்டுகளில் தகப்பன் பெயர் வேறுவேறாக இருந்தாலே போதும். இப்போது கார்டு எண்ணைத் தட்டினால் பெற்றவளும் திரையில் வந்து நின்றாள். முகப்பில் இருந்த ஊழியர் பவானேஸ்வரி தட்டினாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள்.

"ஆன்ட்டி, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா லா. அண்ணன் தங்கச்சின்னு வருது. ரெஜிஸ்டர் பண்ண விடாது."

அன்னம்மா சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா அண்ணி, வலியே இல்லாம ஒண்ணு பெத்திருக்கேன்."

திலகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாந்தாம்மா பெத்தேன்," என்றாள் இருசம்மாள். "பொய் சொன்னதும் நாந்தான். எழுதிக்க. ஜெயில்ல போடு."

"அது வேற விஷயம் ஆன்ட்டி. அம்மா இவங்க இல்லேன்னா, பொண்ணுக்கு நீல ஐசி எப்படி வந்துச்சின்னு விசாரிப்பாங்க. முடியிற வரைக்கும் பொண்ணோட ஐசிய எடுத்துக்குவாங்க. நீங்கதான் பெத்தீங்கன்னு சொல்ல யாரு இருக்கா?"

கிராணி செத்துவிட்டார். நல்லமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டான். தோட்டம் கோல்ஃப் மைதானமாகிவிட்டது.

"எழுதச் சொல்லாத மா," என்றாள் திலகவதி. "ஐசி போனா வேலையும் போயிரும்."

இருசம்மாள் எழுந்து வந்துவிட்டாள்.

திலகவதிக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இருசம்மாள் யாரும் கேட்காமலே கார்டை நீட்டி, "இது எம் மவளோடதுதான், படத்தப் பாருங்க," என்றாள். தாதி பார்க்காமலே வாங்கி வைத்தாள்.

பையன் பிறந்தான். பத்திரத்தில் இம்முறை தாய் பெயர் சரியாக இருந்தது. தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் தகவல் இல்லை என்று மலாய் மொழியில் அச்சாகியிருந்தது. விமலன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பதிவு அலுவலகத்தின் அந்த முகப்பிலேயே நின்றான். பவானேஸ்வரி அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.