ஃபிரேமை யாரிடம் கொடுப்பது

அன்றைக்கு வலைக் கொட்டகையில் இருந்தவர்கள். என் மாமனார். என் அண்ணன். பாடு குலுக்கிப் போடுகிற பெரியவர். என் மாமியார், ஈரப் புடவையோடு. என் பெண்டாட்டி. நான். நடுவில் சைக்கிள், கழுத்து உடைந்து.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். எழுபதுகள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிக்கென்று நிலம் எடுத்து ஷெட்டு எழும்பிக்கொண்டிருந்தது. எறாவுக்கு, அதாவது இறாலுக்கு, திடீரென்று கிராக்கி வந்தது. ஐஸ் போட்ட லாரி ஒன்று தினம் காலையில் எளாவூர் வழியாகப் பெரிய ரோட்டில் போகும். பாசஞ்சர் ரயில் போன கொஞ்ச நேரத்தில் வரும். அதில் வரும் கணக்குப்பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நாப்பது கிலோ ஒரே தபா வந்தா உங்க ஊருக்கு நிப்பாட்டுறேன். கொறைஞ்சா நிக்க மாட்டேன். அடுத்த குப்பத்துக்காரன் கேட்டுக்கினே இருக்கான்."

சரி என்றோம். எறா பிடிப்பது எங்கள் பெண்கள். இடுப்புத் தண்ணீரில் குனிந்து கையால் தடவிப் பிடிப்பார்கள். லாரி நிற்காவிட்டால் அது உள்ளூர் வியாபாரிக்குப் போகும். அவர் சொல்வது விலையே இல்லை.

ஊரில் சைக்கிள் ஒன்றுதான். ஓட்டுகிறவன் நான். கரையிலிருந்து முதலில் மணல். அப்புறம் உப்புச் சேறு. அப்புறம் வயல் வரப்பு. அப்புறம் கப்பிக்கல் ரோடு. கடைசியில் தார். கடையில் வாங்கிய சைக்கிள் முப்பது கிலோவுக்கே முனகியது. நாற்பது ஏற்றினேன். கப்பியில் கழுத்து விட்டுப்போனது. லாரி போய்விட்டது. மறுநாள் நடந்து போய் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். வருகிற அமாவாசை வரைக்கும் பார்ப்பேன் என்றார்.

"கடையில இன்னொண்ணு வாங்கு" என்றான் அண்ணன்.

"வாங்கு. அதுவும் ஒடையட்டும்" என்றாள் என் பெண்டாட்டி. "இந்தாளு போற வழிக்குன்னு யாரும் கடையில சைக்கிள் செஞ்சு வெக்கல."

அது சரிதான். அப்படியானால் ஃபிரேம் செய்யச் சொல்லவேண்டும். யாரிடம்? அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

மாமனார் கும்மிடிப்பூண்டி என்றார். ஃபேக்டரிகளுக்குக் கம்பிக் கதவு செய்கிற வெல்டிங்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அண்ணன் திருவள்ளூர் என்றான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர், வேப்பம்பட்டு பால்காரர்களுக்கு ஃபிரேம் செய்து கொடுக்கிறார். பெரியவர் எளாவூர் என்றார். செக்போஸ்ட் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கிற தெலுங்குக்காரர்.

மூன்று பேரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். போனேன்.

கும்மிடிப்பூண்டிக்காரர் உடைந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

"சொமை எங்க வெப்ப?"

"பின்னாடி."

"அப்ப பின்னாடிதான் பலம் வோணும். என்கிட்ட ஃபேக்டரி பைப்பு கீது. யானை ஏறினாலும் தாங்கும்."

"யானை ஏறாது. எறாதான் ஏறும்."

"எறாவுக்கு இவ்ளோ வாயா" என்றார். நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார். இவரிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் போனேன். கடைக்காரர் நூல் எடுத்து என் காலை அளந்தார். கையை அளந்தார். ஒரு பெஞ்சில் உட்கார வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தார்.

"மண்ணுல ஓட்டுவியா, தார்லயா?"

"எல்லாத்துலயும்."

"எது ஜாஸ்தி?"

எனக்குத் தெரியவில்லை. மணல் தூரம் கம்மி, நேரம் ஜாஸ்தி. அதை எப்படிச் சொல்வது.

"கெட்டியா செஞ்சா ஒடையும்பா. கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். நான் பித்தளை உருக்கி ஒட்டுவேன். கம்பிக் கதவு செய்யறவன் கதவு செய்யட்டும்."

நான் கும்மிடிப்பூண்டி போனதை அவரிடம் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. இவர் சொல்வதும் சரியாக இருந்தது.

எளாவூர் பட்டறைக்காரர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எங்க ஒடைஞ்சுது நைனா?"

"கழுத்துல."

"அப்ப முன்சக்கரத்தப் புடிக்கிற போர்க்கு சரியில்ல. முன்சக்கரம் வாங்குற அடி அங்கதான் ஏறும். பின்னாடி எவ்ளோ இரும்பு போட்டு இன்னா பிரயோஜனம்? போர்க்குக்கு ரெட்டைக் கம்பி குடுக்கணும். டப்பு மெதுவா குடு, போ."

திரும்ப லாரிக்கு அடியில் போய்விட்டார்.

ஊருக்கு வந்தேன். எல்லோரும் அதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு மாப்ள?" என்றார் மாமனார்.

"மூணு பேர் சொல்றதும் சரியா கீது மாமா."

"ஒரு பொண்ணுக்கு மூணு மாப்பிள்ளையாடா?" என்றான் அண்ணன். மாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் முன்னால் நிற்கும்போது அவர் சொல்வது சரி. பஸ் ஏறினால் அடுத்தவர் சொன்னது சரி. ராத்திரி படுத்தால் மூன்றும் தப்பு.

பெரியவர் குலுக்கிப் போடலாம் என்றார்.

எங்களுக்கு அது வழக்கம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று குலுக்கித்தான் முடிவு செய்வோம். அதுதான் பாடு. பேர் விழுந்தவனுக்கு முதல் முறை. மற்றவனுக்கு அடுத்த அடுத்த முறை. முறை இல்லாமல் யாரும் விடுபட மாட்டார்கள். அதில் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது.

மூன்று வலைக் கட்டையில் மூன்று அடையாளம் வெட்டிக் கூடையில் போட்டார். மாமியார் கண்ணை மூடி எடுத்தார். திருவள்ளூர் வந்தது.

முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"உக்காருடா" என்றார் பெரியவர். "மத்த ரெண்டு பேர் முறை இன்னா ஆவறது?"

"அவங்க இன்னா நம்ம ஊரா?" என்றேன்.

"கூடையில பேர் போட்டாச்சு. போட்டப்புறம் முறை உண்டு."

திரும்பவும் எடுத்தார்கள். இரண்டாவது கும்மிடிப்பூண்டி. மூன்றாவது எளாவூர். அந்த வரிசையில் வேலையைப் பிரித்தார் பெரியவர். நடு ஃபிரேம் திருவள்ளூர். பின்பக்கம் கும்மிடிப்பூண்டி. போர்க்கு எளாவூர். அவரவர் எதில் கெட்டி என்று சொன்னார்களோ அதுவே வந்துவிட்டது என்று மாமனாருக்கு சந்தோஷம். குலுக்கல் பொய் சொல்லாது என்றார்.

என் பெண்டாட்டி மட்டும் கேட்டாள்.

"ஒரு பொடவைய மூணு தறியில நெய்வாங்களா?"

"தறி வேற, தண்ணி வேற" என்றார் பெரியவர்.

"இது ரெண்டும் இல்ல, சைக்கிளு" என்றாள். அவள் சொன்னது சரியா, அவர் சொன்னது சரியா, அதுவும் எனக்குப் புரியவில்லை.

திருவள்ளூர்க்காரரிடம் நடு மட்டும் போதும் என்றேன். பின்பக்கம் வேறு ஒருவர், முன்பக்கம் இன்னொருவர் என்றேன். நூலைச் சுருட்டி வைத்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"பாவம் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். நன்றாகத்தான் செய்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் பார்த்தார். "ஜன்னலா, இன்னாபா அது?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கும்மிடிப்பூண்டிக்காரர் தன் ஃபேக்டரி பைப்பை அதன் பின்னால் சேர்த்துக் கொடுத்தார். முன்னால் மூங்கில் மாதிரி மெலிசு, பின்னால் பனைமரம் மாதிரி. எளாவூர்க்காரர் ரெட்டைக் கம்பிப் போர்க்கு செய்தார். அது இரண்டு விரல் நீளம் அதிகம். சைக்கிள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது அப்படித்தான் நைனா, மணலுக்கு நல்லது என்றார்.

பழைய சக்கரங்களை மாட்டிக் கரையில் ஓட்டிப் பார்த்தேன். மணலில் சக்கரத் தடம் இரண்டு விழுந்தது. முன்சக்கரம் ஒரு வழி, பின்சக்கரம் அதற்குப் பக்கத்தில் ஒரு வழி.

"ரெண்டு பேர் பேசிக்கினே போன மாதிரி கீது" என்றான் அண்ணன்.

மாற்றிச் செய்ய நாள் இல்லை. மறுநாள் அமாவாசை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கூடைகளை ஏற்றினோம். ஊரில் தராசு கிடையாது. கூடையைத் தூக்கிப் பார்த்து மாமியார்தான் கணக்குச் சொல்வார். நாற்பத்தைந்து இருக்கும் என்றார். ஐஸைத் தவிட்டில் புதைத்துத் தனியாகக் கட்டினார்கள். பெண்டாட்டி கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"வுழுந்துட்டா?"

"எழுந்துக்கறேன்."

"உன்ன கேக்கல. கூடைய கேட்டேன்."

மணலில் சைக்கிள் நன்றாகப் போனது. முன்பு தள்ளிக்கொண்டு போன இடத்தில் இப்போது மிதித்துக்கொண்டு போனேன். எளாவூர்க்காரர்தான் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். உப்புச் சேற்றிலும் கீழே இறங்கித் தள்ளவில்லை.

வரப்பில் இரண்டு தடத்துக்கு இடம் இல்லை. பின்சக்கரம் வயல் பக்கம் சரிந்தது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். மேல்கூடை வயலில் கவிழ்ந்தது.

வயல்காரர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஓடி வந்தார்.

"யோவ், நாத்து மேல எறாவ நட்டுக்கினு கீறியா?"

திட்டிக்கொண்டே குனிந்து பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். சேற்றில் எறாவும் சேறும் ஒரே நிறம். கையால் தடவித்தான் எடுத்தோம். எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு போனது, தெரியவில்லை. ரயில் சத்தம் கேட்டது.

"போ, போ. மிச்சத்த நண்டு துன்னட்டும்" என்றார். கூடையைத் தூக்கிக் கட்டிவிட்டார்.

கப்பியில் நிறுத்தாமல் மிதித்தேன். பழைய சைக்கிள் உடைந்த இடம் வந்தது, போனது. எதுவும் விடவில்லை. கும்மிடிப்பூண்டி பைப்பா, திருவள்ளூர் பித்தளையா, எளாவூர் கம்பியா, எது தாங்கியது என்று யோசித்துக்கொண்டே போனேன். தாரில் சைக்கிள் வலது பக்கமே இழுத்தது. எதிரில் லாரிகள். உடம்பை இடது பக்கம் சாய்த்து ஓட்டினேன்.

ஐஸ் லாரி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடியது. கணக்குப்பிள்ளை சைக்கிளை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"இதை யாருய்யா செஞ்சான்?"

என்ன சொல்வது. மூன்று பேர் என்றால் சிரிப்பார். ஒருவர் என்றால் எந்த ஒருவர்? கூடைக் கயிற்றை அவிழ்த்தேன்.

எறாவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். சேறு போனது. கூடையில் அளவு இன்னும் இறங்கியது. லாரியின் பின்னால் தொங்கும் தராசில் கூடைகளைச் சேர்த்து மாட்டினார். முள் ஆடியது. நிற்கிற வரைக்கும் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார்.

நாற்பத்தொன்று.