மாட்டு டாக்டரின் இடது தோள்

மாட்டின் மடிவீக்கத்துக்கென்று வைத்திருந்த களிம்பை என் தோளில் தேய்த்துக்கொண்ட முட்டாள் நான். ஒரு நாள் இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்க. இதே வலியோடு இதைப் படிக்கிறவர் யாராவது அந்தக் களிம்பை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து கையை மடக்கிக்கொள்ளுங்கள். மடக்க முடிகிறதா என்பது வேறு விஷயம்.

நான் அரசு கால்நடை ஆய்வாளர். வானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதும், சினை பிடித்ததா என்று பார்ப்பதும் என் வேலை. டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஊர்க்காரர்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் பெரிதாக மறுத்ததில்லை.

இடது கையைத் தோள் வரைக்கும் மாட்டின் பின்வழியாக உள்ளே விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையை விரலால் தேட வேண்டும். மாட்டுக்கு இது பிடிக்காது. முக்கும், இறுக்கும், சில சமயம் என் கையோடு சேர்த்து உட்காரப் பார்க்கும். பல வருஷமாக இதே கைதான்.

திண்டிவனத்தில் என் வீட்டில் ஒரு நாள் காலை சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இடது கை ஏறவில்லை. மாட்டுக்குள் போகிற கை சட்டைக்குள் போகவில்லை. தைத்தவரைத் திட்டிவிட்டு வேறு சட்டை எடுத்தேன். அதிலும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் களிம்பு.

மழை முடிந்தும் வலி முடியவில்லை. பைக்கை விட்டுவிட்டுப் பேருந்தில் விழுப்புரம் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் தோள்பட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

“தசைநாண்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு” என்றார். தசைநாண் (தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்) உழைத்து உழைத்துத் தேய்ந்த இடத்தில் சிலருக்கு இப்படிப் படியுமாம்.

கன்று போட்டதும் எழ முடியாமல் படுத்துவிடும் மாட்டுக்கு நாங்கள் பாட்டில் பாட்டிலாகக் கால்சியம் ஏற்றுவோம். அதில் ஒரு பங்கை நான் தோளில் பதுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஷாக்வேவ் என்று சீட்டில் எழுதி, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார்.

ஷாக்வேவ் (அதிர்வலைச் சிகிச்சை, கருவியைத் தோலின் மேல் வைத்து அழுத்த அலைகளை உள்ளே அனுப்புவது) என்றதும் பயப்பட வேண்டாம். கரண்டு பாயாது, கத்தியும் கிடையாது. ஆணியே இல்லாமல் ஒருவர் உங்கள் தோளில் சுத்தியலால் மட்டும் அடித்துப் பார்ப்பதுபோல் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை.

அதைச் செய்தவர் பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியாலும் கருவிகளாலும் வைத்தியம் செய்பவர்), என்னைவிட வயதில் சின்னப் பெண். முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். எங்கே அதிகம் வலிக்கிறதோ அங்கேதான் அடிக்க வேண்டும், அதை நான்தான் காட்ட வேண்டும். இரண்டாவது, வலி மாத்திரை போடக் கூடாது. உடம்பு தன்னை ஆற்றிக்கொள்ளும் வேலையை இந்த அடி தூண்டிவிடுகிறது. மாத்திரை அதை அமுக்கிவிடலாம்.

எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் தலையாட்டுவது எங்கள் துறைப் பழக்கம்.

இதற்கிடையில் என் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர். “கை சரியா வரலன்னா சொல்லுய்யா. விழுப்புரம் ஆபீசுல ஒரு சீட்டு காலியா கெடக்குது. ஃபேன் காத்துல உக்காந்துக்கினு கம்ப்யூட்டர் தட்டலாம்.”

அன்றைக்குத்தான் பயம் வந்தது. சினை மாட்டுக்குள் கையை விட்டால் விரல் நுனியில், தண்ணீர் நிறைந்த பலூன் மாதிரி ஒரு மென்மை படும். “சினைதான்” என்பேன். மாட்டுக்காரர் முகம் மாறும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்னை டாக்டர் என்கிறார்கள். கம்ப்யூட்டர் தட்டினால் யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்?

சீக்கிரம் குணமாகிவிட வேண்டும் என்ற அவசரம். சுத்தியலுக்கும் பயம். ஆகவே ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறும் முன் ஒரு வலி மாத்திரை விழுங்கினேன். மூன்றாவது தடவை பிசியோதெரபிஸ்ட் தோளை அழுத்திப் பார்த்தார்.

“வலிக்குதா சார்?”

“இல்லீங்க மேடம்.”

“இங்க?”

“சுத்தமா இல்லீங்க.”

அவருக்குச் சந்தோஷம். கையைத் தூக்கச் சொன்னார். கை பாதியில் நின்றுவிட்டது.

“வலியும் இல்ல, கையும் ஏறல. இன்னா மாத்திரை போட்டுக்கினு வந்தீங்க?”

“ஒண்ணே ஒண்ணுதான் மேடம். எங்க மாடுங்கல்லாம் எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்றதில்ல. நாங்களேதான் கண்டுபுடிக்கிறோம்.”

“மாடு மாத்திரை போட்டுக்கினு வராது சார்.”

அதற்கு முன் வாங்கிய அடியெல்லாம் சரியான இடத்தில் விழுந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து.

மாத்திரை இல்லாமல் போன நாளில் வலிக்கிற இடத்தைக் காட்டச் சிரமமே இருக்கவில்லை. காட்டும் முன்பே கத்தினேன். வீட்டுக்கு வந்தபிறகு வலி இன்னும் கூடியது. சிகிச்சை எடுத்த இடத்துக்குப் போன் செய்து கேட்டால், கொஞ்சம் கூடுவது சகஜம் என்றார்கள். ஓய்வு கொடுங்கள், ஆனால் அசைக்காமல் வைத்திருக்காதீர்கள் என்றார்கள். அசைப்பதா, வைத்திருப்பதா? ஒரு நாள் அசைத்தேன், ஒரு நாள் வைத்திருந்தேன்.

என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “வலிச்சாலும் நல்லதுங்கறீங்க, வலிக்கலன்னாலும் நல்லதுங்கறீங்க. அப்ப கெட்டது இன்னாதான்?”

எனக்கும் அதுதான் கேள்வி.

சிகிச்சை முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் பொட்டு மங்கியிருந்தது. வலி மங்கவில்லை. இனி அவ்வளவுதான் என்று நம்பிக்கையை விட்டிருந்தபோது, ஒரு நாள் காலை இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு எப்போது அந்தக் கைக்குப் போனது என்று தெரியவில்லை. மெஷினா, ஓய்வா, பயிற்சியா, எது குணமாக்கியது என்று டாக்டரைக் கேட்டேன். எல்லாம் சேர்ந்துதான் என்றார். திரும்ப வருமா என்றேன். வராது என்று சொல்ல முடியாது, அந்தக் கையை மட்டும் நம்பாமல் மாற்றி மாற்றி வேலை செய்யுங்கள் என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: வலிக்கிற இடத்தை மறைக்காதீர்கள். மற்றதில் நானும் உங்களைப்போல் குழம்பியவன்தான்.

விழுப்புரத்து நாற்காலியை வேண்டாம் என்றுவிட்டு, இப்போது வலது கையைப் பழக்குகிறேன். இடது கை தொட்டதும் சொல்லும். வலது கை புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள். எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறது, எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. ஒரே காலை நேரத்தில் நான்கு ஊர் சுற்றியவன், ஒரே கொட்டகையில் நின்றுவிடுகிறேன்.

போன வாரம் வானூரைத் தாண்டி ஒரு கிராமம். கறவை மாட்டைப் பிடித்தபடி அதன் சொந்தக்காரப் பெண்மணி நின்றிருந்தார். கையை விட்டேன். வெகுநேரம் தேடினேன். ஏதோ பட்டது. அதுதானா என்று தெரியவில்லை. வாய் பழக்கத்தில் “சினைதான்” என்று சொல்லப் பார்த்தது. அடக்கிக்கொண்டு கையை எடுத்தேன்.

“யக்கா, இடது கையின்னா இந்நேரம் சொல்லியிருப்பேன். இந்தக் கைக்கு இன்னும் புடிபடல. இருக்கற மாதிரியும் தெரியுது, இல்லாத மாதிரியும் தெரியுது. சும்மா வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. பதினஞ்சு நாள் கயிச்சி வந்து இன்னொரு வாட்டி பாக்கறேன். டாக்டருன்னு கூப்பிட்டுக்கினு இருந்தோமே, இவனுக்கு ஒண்ணுந்தெரியலயேன்னு நெனச்சிக்காத.”

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“அதுக்கின்னா, மாடு எங்க போவப் போவுது.”