அடுப்பு ஊதும் இயேசு

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் எனக்குப் படம் போட வரும் என்று தெரிந்து, எங்கள் தேவாலயத்துக்கு ஒரு படம் வரையச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்த எனக்குக் கடவுள் என்றால் சோறு போடுகிறவர்தான். அதனால், கடற்கரையில் குந்தி, நெருப்பை ஊதி, சீஷர்களுக்கு மீன் சுடும் இயேசுவை வரைந்தேன். கறுத்த முகம், புகையில் கலங்கிய கண்கள், பின்னால் நம்ம மலை.

சபை மூப்பர் முகம் சுளித்தார். “சாமி போய் அடுப்பு ஊதுவாராம்மா?”

“உயிர்த்தெழுந்த பிறகு மீன் சுட்டுக் குடுத்தாருன்னு பைபிள்லயே இருக்குதுங்க ஐயா,” என்றேன்.

போதகர் அந்த இடத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். மூப்பர் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார்.

“அப்போ நடுவுலயே மாட்டிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். “நம்மள மாதிரியே சாமிக்கும் கண்ணு எரியுது பாரு!” என்று ஒருத்தி சிரித்தாள். அன்று நான் பாடிய பாட்டு தெருமுனை வரை கேட்டிருக்கும்.