மச்சான் மாட்டிய காற்றாடி

எங்கள் மலாய் நாடு சுதந்திரம் அடைந்த வருடம்தான் காஜா பெராங் என்ற ஊரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்காள் கணவரான மச்சான் தன் சின்னக் காரில் லாரி எஞ்சின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அது ஓயாமல் கொதிக்கும். காற்றோட்டத்துக்காகப் பானெட்டில் தோசைக்கல் அகலத்துக்கு ஓட்டைகள் வெட்டினார். கல்யாணத்துக்கு முதல் நாள், பழைய ஜெனரேட்டரின் காற்றாடியையும் எஞ்சினுக்கு முன்னால் மாட்டிவிட்டார்.

மறுநாள் பட்டுவேட்டியும் மாலையுமாக அந்தக் காரில் ஏறினேன். வேகம் கூடியதும் பானெட் ஓட்டைகளில் வெந்நீர் பீய்ச்சியடித்தது. மச்சான் இறங்கிப் பார்த்தார்.

"அலாமாக்! இது காத்த வெளிய தள்ளுற காத்தாடி லா. எதுத்து வர்ற காத்தோட சண்ட போடுது."

"இப்ப என்ன செய்யிறது?"

"பின்னுக்கே ஓட்டுவோம். ரெண்டும் ஒரே பக்கம் போயிரும்."

தண்ணீர் ஊற்றிவிட்டு, காரைத் திருப்பி நிறுத்தி, கோயில்வரை பின்பக்கமாகவே ஓட்டினார். வழியில் முன்னால் போய்க்கொண்டிருந்த நாயனக்காரர்கள் அலறி ஒதுங்கினார்கள். எஞ்சினோ குளுகுளுவென்று இருந்தது. வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு காரின் முகத்தைத் தேடிச் சுற்றிவந்தார்.

மணவறையில் பெண் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"கார் முதுகக் காட்டுச்சா, ஓடிப்போறீங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு."