கடை இல்லைங்க, எங்க வீடு

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம், மலேசியாவின் மோரிப் கடற்கரையில் நடந்தது இது. நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரிடமும் அதிகம் பேச முடியாது. கூச்ச சுபாவமுள்ள எனக்கு அது வசதி. கேட்காத பொருளைக் கடைக்காரர் கொடுத்தால்கூட, மறுத்துப் பேச வராமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

என் மனைவி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்கிறாள். விடியும் முன் கொமுட்டர் ரயில் ஏறுபவள், திரும்பி வந்து எங்களுக்கும் சமைத்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒருநாள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "யாருக்கும் சமைக்காம, ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கிட்டே படுத்துக் கிடக்கணுங்க" என்றாள். ஹோட்டலுக்குப் போகலாம் என்றால், யாரோ படுத்த மெத்தையில் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்தச் சமயத்தில்தான் மகள் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினாள். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற குட்டி வண்டி ஒன்றை ஒருவர் தன் கையாலேயே கட்டுகிறார். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த் துளியைப் படுக்க வைத்தது போல இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவை மேலே தூக்கினால் அடுப்பு வைத்த ஒரு சின்னச் சமையலறை. கட்டி முடித்த வண்டியாக வாங்க எங்களுக்கு வசதி இல்லை. கட்டிப் பார்ப்போமே என்று தோன்றியது.

பழைய இரும்புக் கடையில் படகு ஏற்றுகிற டிரெய்லர் ஒன்று கிடைத்தது. வெல்டர் நண்பர் ஒருவர் அதன் சட்டத்தைச் சரிசெய்து கொடுத்தார். கிடங்கில் உடைந்து கிடந்த, சரக்கு அடுக்கும் பேலட் கட்டைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்க லா" என்று அவர் தலையைக்கூடத் தூக்காமல் சொல்லிவிட்டார். கூரைக்கு வளைத்த பலகை முதலில் பட்டென்று முறிந்தது. அடுத்த பலகைக்கு ஈரச் சாக்குப் போட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். மேலே போர்த்திய அலுமினியத் தகடு, மூடிப்போன ஒரு கடையின் பெயர்ப்பலகை. வீட்டு மெத்தையையே அளவுக்கு வெட்டிக்கொண்டேன். மிச்சம் கிடந்த மஞ்சள் சாயத்தைப் பூசினேன். ஒழுகுகிறதா என்று பார்க்க நான் வெளியே குழாயால் தண்ணீர் அடிக்க, மனைவி உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து, "இங்க ஒண்ணு, இங்க இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னண்ணே, கோழிக்கூடா? முட்டை போட்டா நமக்கும் ரெண்டு குடுங்க" என்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சாலையில் ஓட்ட அனுமதி வாங்கத்தான் வண்டி கட்டியதைவிட அதிக நாள் அலைந்தேன்.

தீபாவளியை ஒட்டி அவள் வேலை செய்யும் கடையை ஒரு வாரம் மூடினார்கள். "அங்க நீ கரண்டியைத் தொடக் கூடாது. சமையல் என்னோடது" என்றேன். "அப்ப வயித்துவலி மருந்தையும் எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

காலையிலேயே நாங்கள் இருவர் மட்டும் மோரிப் போய்ச் சேர்ந்தோம். மர நிழலில் வண்டியை நிறுத்தினேன். அவள் பக்கக் கதவைத் திறந்து வைத்து, கடலைப் பார்த்தபடி படுத்துவிட்டாள். நான் பின்கதவைத் தூக்கிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட ஆரம்பித்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர் நிறுத்தினார். எங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "பாங், தே தாரிக் சத்து" என்று மலாயில் ஒரு ஆற்றிய தேநீர் கேட்டார்.

இது கடை இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒரு தே தாரிக் ஆற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் குடிப்பதைப் பார்த்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது.

"அண்ணே, ரெண்டு தே, ஒரு மைலோ. ரொட்டி சானாய் இருக்கா?"

"ரொட்டி இல்ல" என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

"பரவால்ல, தே போடுங்க."

அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது: "என்னாங்க, எத்தனை பேரு?"

திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, கிளிப்பைப் பல்லில் கடித்தபடி கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள். தினமும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் பார்க்கிற அதே கோலம். ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. "இது கடை இல்லைங்க, எங்க வீடு. என் மனைவிக்கு இன்னிக்கு லீவு" என்றேன். அதையே மலாயிலும் சொன்னேன்.

எல்லாரும் கோபப்படப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் தமிழர் தலையில் கை வைத்துக்கொண்டு, "முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? மஞ்சக் கலரு, அடுப்பு, தே கெத்தல். நாங்க வேற என்ன நினைப்போம்?" என்றார். "இதுல இவருக்கு ரொட்டி வேற வேணுமாம்" என்று அவர் மனைவி அவர் தோளில் ஒன்று போட்டார். அங்கே நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மலாய்க்காரர் எழுந்து நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். காசு கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, "நாலு பேருக்குத் தே கலக்குறதெல்லாம் ஒரு வேலையாங்க?" என்றாள் மனைவி.

"நீ படு" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு முடிந்த கூந்தலை அவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் அந்த மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. அவர் ஒரு பையை என் கையில் கொடுத்து, "அக்காவுக்கு. அக்கா லீவுல இருக்காங்களே" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே சுடச்சுட, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமா சோறும் மிளகாய்ச் சம்பலும் பொரித்த வாழைப்பழமும் இருந்தன. அவள் கதவருகில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். "சம்பல்ல வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கணும்" என்றாள். ஆனால் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. அப்புறம் மதியம் வரை நன்றாகத் தூங்கினாள்.

என் கூச்சம் இன்னும் போகவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேச இன்றைக்கும் திணறுகிறேன். ஆனால் அவளுக்காகப் பேச வேண்டும் என்று வந்தால் என் வாய் தானாகத் திறக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.