கடைசிக்கு முந்தின கல்

சாலைப் பணியாளர் ஒழுங்காகச் செய்த வேலை யார் கண்ணிலும் படாது. ஒரு குழியை மூடாமல் விட்டால்தான் நாங்கள் இருப்பதே தெரியும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் மாநில நெடுஞ்சாலையில் முதுகு நோகப் பயணம் செய்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே நோவோடு அந்தச் சாலையின் கிழக்கு முனையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். படிப்பு ஏழாவதோடு சரி. எழுத்து சுமார்தான், எண் தப்பாது.

கல்லைப் பார்த்து யார் இறங்குகிறார்கள்

எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னது இது. இந்த வழியில் முதலில் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள்தான் ரயிலடிக்குப் போயின. அந்தத் தடத்தில் சரளை கொட்டினார்கள். பிறகு ஒரு வண்டி போகும் அகலத்துக்குத் தார் போட்டார்கள், அப்புறம் இரண்டு வண்டிக்கு. தூரக் கணக்கு திண்டிவனத்தில் தொடங்கும். மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் இடத்தில் முடியும். கிலோமீட்டருக்கு ஒரு கல். தலையில் பச்சை, உடம்பு வெள்ளை, எழுத்து கறுப்பு.

என் பங்குக்குப் பதினொரு கல். ஒரு எண் கொஞ்சம் சாய்ந்துவிட்டாலும் அழித்துத் திரும்ப எழுதுவேன். அப்படி ஒரு நாள் மூன்றாம் தடவையாக அழித்துக்கொண்டிருந்தபோது டவுன் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டிச் சொன்னார்: "ஏன் பெரியவரே, உங்க கல்லப் பாத்து யாரு டிக்கெட் கேக்கறாங்க? எல்லாம் டீக்கடையப் பாத்துத்தான் எறங்குது."

மஞ்சள்

கடைசிக்கு முந்தின கல்லுக்குத் தெற்கே உப்புப் பாத்திகள், வடக்கே உப்பைக் குவிக்கும் மேடு. பெண்கள் தலையில் கூடையோடு சாலையைக் கடந்துதான் ஆகவேண்டும். கூடை தலையில் இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. அப்படிக் கடக்கும்போதுதான் செல்வி என்ற பெண் லாரியில் அடிபட்டு இறந்தாள். அவளுடைய தங்கை அமுதா அந்தக் கல்லுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். கூட வேலை செய்யும் ஜெசிந்தா மெழுகுவத்தி ஏற்றுவாள்; அது கடல் காற்றில் நிற்காது.

மேலதிகாரி பார்வையிட வருமுன் நான் அதையெல்லாம் கழுவி வெள்ளையடிப்பேன். அக்காவின் நினைவுக்காகச் செய்கிறாள் என்று நினைத்ததால் கை கூசும். ஒரு தடவை அமுதா வந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். "கழுவாதீங்க பெரியவரே. கல்லுன்னு நெனச்சா ஒருத்தனும் நிறுத்த மாட்டான். சாமின்னு நெனச்சாதான் பிரேக்குல கால வைக்கிறான்."

நான் நம்பவில்லை. மஞ்சள் இருந்த ஒரு காலையில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பது வண்டியில் முப்பத்தொன்று வேகம் குறைந்தது. வெள்ளையடித்த மறுநாளும் எண்ணினேன். நாற்பதில் ஆறு.

வளைவு நிமிர்ந்தது

பிறகு மேற்கே ஒரு பெரிய வளைவை நிமிர்த்தினார்கள். சாலை நூற்று நாற்பது மீட்டர் குறைந்தது. அதனால் அதற்குப் பின்னால் வரும் கற்களையெல்லாம் அவ்வளவு தூரம் கிழக்கே தள்ளி நட வேண்டும். டேப்பை நானே பிடித்தேன். கடைசிக்கு முந்தின கல்லை நட்டபோது மட்டும் மனசு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் அளவு அளவுதானே என்று நட்டுவிட்டேன். ரோடு இன்ஸ்பெக்டர் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, "நாலு விரல்கூடத் தப்பல. உங்க கையில குடுத்தா கவலையே இல்ல" என்றார்.

உப்பைக் கூட்டியது

கல்லைத் தள்ளி நட்ட ஒன்பதாம் நாள் காலையில் தகவல் வந்து துடைப்பத்தோடு போனேன். கல் முன்பு இருந்த இடத்தில் ஒரு வேன் ஜெசிந்தாவைத் தட்டிவிட்டது. உயிர் தப்பியது, இடுப்பு எலும்பு முறிந்த அவளை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் கூடை சாலை ஓரத்தில் கிடந்தது. தார் மேல் சிதறியிருந்த உப்பை நான் கூட்டினேன். அமுதா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "கல்ல அளந்தீங்க. நாங்க எங்க கடக்கிறோம்னு அளந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பதிவேட்டில் இல்லாதது

வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய முதல் மனு. பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நான் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. கிடங்கில் மூலை உடைந்த கல் ஒன்று எண் எழுதாமல் கிடந்தது. கேட்டு எடுக்கவில்லை. பழைய இடத்தில், தார் விளிம்புக்கு வெளியே அதை நட்டேன். அமுதா மஞ்சள் கரைத்து வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டரின் ஜீப் அங்கே வந்தபோது டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் இறங்கிக் கல்லைச் சுற்றிப் பார்த்தார். "இது பதிவேட்டுல இல்லையே, பெரியவரே?" என்றார். இருபத்தாறு வருடத்தில் என் வேலையில் அவர் கண்ட முதல் தப்பு. டிரைவர்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதத் தொடாதீங்க சார். போன வாரம்தான் எங்க வீட்டுல இங்க தேங்கா ஒடச்சாங்க."

ஜெசிந்தா இப்போது காலை இழுத்து இழுத்து, எல்லாருக்கும் கடைசியாக அங்கேதான் கடக்கிறாள். நான் நட்ட கற்களில் தூரம் எழுதாதது அது ஒன்றுதான், வண்டிக்காரர்கள் மதிப்பதும் அதை மட்டும்தான்.